பற்றாசும் பாடவேறுபாடும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இலக்கிய வட்டத்தின் ஆண்டு விழாவில் பழைய ஒலிக்கருவிகளைச் செப்பனிடுவது பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் வினா எழக்கூடும். பழைய பொருள் ஒன்று கைக்கு வருகிறது, அது சிதைந்திருக்கிறது. அதை மீண்டும் பேசவைக்க வேண்டும். ஆனால் பேசுவது அதன் குரலாகவே இருக்க வேண்டும். தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய சிக்கலன்று. ஏட்டுச் சுவடிகளின் முன் அமர்ந்த பதிப்பாசிரியர்கள் எதிர்கொண்ட அதே சிக்கல், செம்பும் ஈயமும் கண்ணாடியுமாக உருமாறி, மேற்கு மாம்பலத்துப் பரண்களில் காத்துக் கிடக்கிறது.

பரணில் உறங்குவன

மாம்பலம் ரயில் நிலையத்துக்கு மேற்கே ஆரிய கௌடா சாலை, லேக் வியூ சாலை, அவற்றின் கிளைத் தெருக்கள் ஆகியவற்றில் தனி வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிகளாகி வருகின்றன. வீடு இடிபடும் முன் பரண் காலியாகிறது. வெண்கல உருளி உறவினர் வீட்டுக்குப் போகிறது. புத்தகம் பழைய பேப்பர்காரரிடம் போகிறது. 1960களிலோ 1970களிலோ வாங்கிய ஆம்ப்ளிஃபயர் காயலான் கடைக்குப் போகிறது. அங்கே அதற்கு எடைதான் மதிப்பு. மின்மாற்றியின் செம்புக்கு ஒரு விலை, இரும்புக்கு ஒரு விலை, எஞ்சியது குப்பை.

அதனுடன் சேர்ந்து வேறொன்றும் போகிறது. ஸ்பூல் நாடாக்களும் ஒலிநாடாப் பேழைகளும் பல வீடுகளில் அதே பரணில்தான் இருந்தன. பாட்டியின் தாலாட்டு, வீட்டுக் கொலுவில் பாடிய பாட்டு, ஒரு கவியரங்கத்தில் தந்தை படித்த கவிதை ஆகிய இவற்றுக்கு வேறு படி கிடையாது. நாடாவின் மீது ஊசலாடும் காந்தத் துடிப்பை ஒலிக்கும் முனை படிக்கும்போது எழும் மின்னழுத்தம், ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்குதான். அதைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கினால் அன்றிக் காதுக்கு எட்டாது. ஆகவே ஒலிப்பதிவுப் பெட்டி ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பெருக்கி இருக்கிறது. அது ஊமையானால் நாடாவும் ஊமை. எழுத்தறிந்தார் எவரும் எஞ்சாத ஏடு எந்நிலையில் இருக்குமோ அந்நிலை அதற்கு.

பெயரும் பிறப்பும்

ஆம்ப்ளிஃபயர் என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பெருக்கி என்கின்றன. ஈழத்துப் பாடநூல்கள் விரியலாக்கி என்கின்றன. தெருவில் வழங்கும் பேச்சிலோ ஒலிபெருக்கி என்றால் கூம்பு வடிவ லவுட்ஸ்பீக்கரையே பலரும் நினைப்பர். அதனால் கடைக்காரரும் மெக்கானிக்கும் ஆம்ப்ளிஃபயர் என்றே சொல்லிவருகின்றனர். மின்தேக்கியைக் கண்டென்சர் என்கின்றனர். வெற்றிடக் குழாயை வால்வு என்கின்றனர். இவ்வுரையில் பெருக்கி என்பது ஆம்ப்ளிஃபயரையே குறிக்கும்.

மெல்லிய மின்துடிப்பை வல்லியதாக்கும் வித்தை 1906இல் தொடங்குகிறது. அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட், இரண்டு மின்வாய்கள் கொண்ட வால்வினுள் மூன்றாவதாக ஒரு கம்பி வலையை இட்டார். அந்த வலையில் சிறிது மின்னழுத்தம் மாறினால் வால்வினூடே ஓடும் மின்னோட்டம் பெரிதும் மாறும். வாய்க்கால் மடையைச் சிறுவன் ஒருவன் ஒரு கையால் ஏற்றி இறக்க, வயல் முழுதும் நீர் ஏறி இறங்குவது போன்றது அது. சென்னையில் 1924இல் மாகாண வானொலிச் சங்கம் தோன்றியது. அது ஓய்ந்த பின் 1930 முதல் மாநகராட்சி ஒலிபரப்பை நடத்தியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. இவை அனைத்தும் வால்வுகளின் காலம். டிரான்சிஸ்டர் 1947 டிசம்பரில்தான் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. இந்தியாவில் பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1954இல் தொடங்கப்பெற்று, பின்னர் வால்வுகளையும் டிரான்சிஸ்டர்களையும் உள்நாட்டிலேயே செய்தளித்தது.

பெருக்கி பெருக்குவதோடு நின்றால் போதாது. பிழையின்றிப் பெருக்க வேண்டும். வால்வு எதுவும் தன் இயல்பால் சிறிது திரிக்கும். இதற்குத் தீர்வு கண்டவர் ஹெரால்ட் பிளாக் என்னும் பொறியாளர். 1927 ஆகஸ்டு 2ஆம் நாள் காலை, வேலைக்குச் செல்ல ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்துகொண்டிருந்தபோது, கையிலிருந்த செய்தித்தாளின் மீதே அவர் அக்கருத்தை வரைந்தார். வெளிவரும் ஒலித்துடிப்பில் ஒரு சிறு பங்கை மீண்டும் தொடக்கத்துக்கே அனுப்பி, தலைகீழாக்கிச் சேர்த்துவிட்டால், இடையில் புகுந்த திரிபு தன்னைத்தானே பெரும்பாலும் அழித்துக்கொள்ளும். இதை எதிர்ப் பின்னூட்டம் என்பர். தான் எழுதிய அடியைத் தானே வாய்விட்டுப் படித்து, காது சொல்லும் குறையை அடுத்த நொடியே திருத்திக்கொள்ளும் கவிஞரின் செயல் இது.

இசைத்தட்டின் செய்யுள் விகாரம்

பெருக்கியின் பணி ஒன்றைக் கவிஞர்கள் எளிதில் உணர்வர். நீண்டநேர இசைத்தட்டில் ஒலியை உள்ளவாறே வெட்டுவதில்லை. தாழ்ந்த சுரங்களை முழு வலிவுடன் வெட்டினால் வரிப்பள்ளம் மிக அகன்று, அடுத்த வரியின் மேல் ஏறிவிடும். உயர்ந்த சுரங்களை அப்படியே விட்டால் தட்டின் உராய்வொலியில் அவை மறைந்துவிடும். ஆதலால் வெட்டும்போது தாழ்ந்தனவற்றைக் குறுக்கியும் உயர்ந்தனவற்றை மிகுத்தும் வெட்டுவர். எந்த அளவில் என்பதற்கு 1954இல் அமெரிக்கப் பதிவுத் தொழில் சங்கம் ஒரு பொதுவிதி வகுத்தது. பெருக்கி அதற்கு நேர்மாறாகச் செயற்பட்டுக் குறுக்கியதை நீட்டி, நீட்டியதைக் குறுக்கி, ஒலியை இயல்பு நிலைக்குக் கொணர்கிறது.

யாப்பின் பொருட்டுச் சொல்லை நீட்டலும் குறுக்கலும் விரித்தலும் தொகுத்தலும் செய்யுள் விகாரம் எனப்படும். படிப்பவர் விகாரத்தை அறிந்தால்தான் சொல்லின் இயல்பு வடிவம் விளங்கும். இசைத்தட்டின் வரிப்பள்ளம் விகாரப்பட்ட செய்யுள். பெருக்கி அதன் உரையாசிரியர். உரையாசிரியரின் கணக்கில் ஓரிரு மின்தடைகளும் மின்தேக்கிகளும் மதிப்பு மாறினால், தட்டு பிழையற்றதாய் இருந்தும் பாட்டு வேறாகக் கேட்கும். வயலின் மெலியும், மிருதங்கத்தின் தொப்பி வீங்கும். கேட்பவர் பதிவைக் குறை சொல்வார்.

எழுப்பும் முறை

இருபது முப்பது ஆண்டுகள் உறங்கிய பெருக்கியை எடுத்தவுடன் மின்சாரத்தில் செருகுவதே அதற்குச் செய்யக்கூடிய பெருந்தீங்கு. காரணம் மின்தேக்கிகள். மின்வழங்கியில் உள்ள பெரிய மின்தேக்கிகள் அலுமினியத் தகட்டின் மேல் படிந்த மிக மெல்லிய ஆக்சைடு ஏட்டையே காப்பாகக் கொண்டவை. மின்னழுத்தம் உள்ளவரை அந்த ஏடு தன்னைத்தானே பேணிக்கொள்ளும். பல்லாண்டு மின்சாரமின்றிக் கிடந்தால் அது தேயும். உள்ளிருக்கும் திரவமும் வற்றும். அந்நிலையில் முந்நூறு வோல்ட் திடீரெனப் பாய்ந்தால் காப்பு முறிந்து, மின்மாற்றியின் சுருளும் கருகும்.

எனவே தேர்ந்த மெக்கானிக் முதலில் கண்ணாலும் மூக்காலும் பார்ப்பார். மெழுகு உருகி வழிந்ததா, மின்தேக்கியின் தலை வீங்கியதா, எங்கேனும் கருகல் நெடி உண்டா என்று நோக்குவார். வால்வின் கண்ணாடி உச்சியில் வெள்ளிபோல் மின்னும் ஒரு படலம் இருக்கும். உள்ளே எஞ்சிய வளியை உறிஞ்ச இட்ட பேரியப் பூச்சு அது. அது பால்வெண்மையாக மாறியிருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது என்று பொருள். அவ்வால்வை எரியவிட்டுப் பார்க்கத் தேவையே இல்லை.

அடுத்து, மின்சாரத்துக்கும் கருவிக்கும் இடையே ஒரு குண்டு பல்பைத் தொடராக இணைப்பார். கருவிக்குள் குறுக்குச் சுற்று இருந்தால் பல்பு முழு ஒளியுடன் எரியும், மின்னோட்டம் பல்போடு நின்றுவிடும், கருவி பிழைக்கும். பழுது இல்லையெனில் பல்பு ஒரு நொடி ஒளிர்ந்து மங்கும். அறுபது அல்லது நூறு வாட் பல்பு ஒன்று, ஆயிரக்கணக்கான ரூபாய் பெறும் மின்மாற்றியைக் காக்கிறது. எல்.இ.டி. விளக்கு இவ்வேலைக்கு உதவாது. சூடேறச் சூடேறத் தடை பெருகும் இழைதான் இங்கே காவலன்.

கருவி ஒலிக்கத் தொடங்கிய பின்னும் செவியே முதல் அளவி. மேற்கு மாம்பலத்தாருக்கு இரைச்சலைக் கேட்டே கொசுவின் இருப்பிடம் அறியும் பயிற்சி உண்டு என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பெருக்கியின் இரைச்சலும் தன் இருப்பிடத்தைச் சொல்லும். வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அதை முழு அலையாக நேர்மின்னாக்கும்போது எஞ்சும் அதிர்வு நொடிக்கு 100. இரைச்சல் 100 அதிர்வாயின் குறை மின்வழங்கியின் மின்தேக்கியில் இருக்கக்கூடும். ஒரு ஸ்தாயி கீழிறங்கி 50 ஆக ஒலித்தால் வால்வின் சூடேற்றிக் கம்பியிலோ தரையிணைப்பிலோ தேட வேண்டும். சுருதி பிடிக்கத் தெரிந்தவருக்கு நோயின் இடம் பாதி தெரிந்துவிடும்.

எதை மாற்றுவது, எதை விடுவது

இங்கேதான் பதிப்புச் சிக்கல் தொடங்குகிறது. செப்பனிடுவோரில் இரு சாரார் உண்டு. பழையது ஒன்றையும் தொடக்கூடாது என்பார் ஒரு சாரார். பழையது என்றாலே மாற்றிவிட வேண்டும் என்பார் மற்றொரு சாரார். முன்னவர் கையில் கருவி அழகிய பிணமாக அலமாரியில் நிற்கும். பின்னவர் கையில் அது பழைய பெட்டிக்குள் வைத்த புதிய கருவியாகிவிடும். சுவடியின் எழுத்துப் பிழையையும் மூலம் என்று வணங்கியவர்களும் இருந்தனர். பொருள் விளங்காத சொல்லையெல்லாம் தமக்கு விளங்கிய சொல்லாக மாற்றியவர்களும் இருந்தனர்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மல்லார்டு நிறுவனம் 1954இல் வெளியிட்ட ஐந்து வால்வு, பத்து வாட் சுற்று வால்வுப் பெருக்கிகளில் புகழ்பெற்ற ஒன்று. இ.எஃப்.86, இ.சி.சி.83 என்னும் வால்வுகள் ஒலியை வளர்த்து இரு கூறாக்கும். இ.எல்.84 என்னும் இரண்டு வால்வுகள், மரம் அறுக்கும் இருகைவாளின் இரு முனைகளைப் போல, ஒன்று தள்ள மற்றொன்று இழுத்து ஒலிபரப்பும் கூம்பை இயக்கும். அச்சிட்ட சுற்றுப்படமே மூலபாடம். கையில் உள்ள கருவியோ அதன் ஒரு படி. கட்டியவர் கிடைத்த மின்தடையை இட்டிருப்பார்; இடையில் பழுது பார்த்தவர் ஒன்றை மாற்றியிருப்பார். இவையே பாடவேறுபாடுகள். படத்தோடு கருவியை ஒப்பிட்டு, எந்த மாற்றம் அறிந்து செய்தது, எது கைப்பிழை, எது காலத்தின் அரிப்பு என்று பிரித்தறிந்த பின்னரே பற்றவைக்கும் கோலைத் தொட வேண்டும்.

இச்சுற்றில் ஈவிரக்கமின்றி மாற்ற வேண்டிய உறுப்பு ஒன்று உண்டு. இ.சி.சி.83இன் நேர்மின்வாயில் இருநூறு வோல்ட் அளவில் மின்னழுத்தம் நிற்கும். அடுத்துள்ள இ.எல்.84இன் வலைக்கம்பி, தன் எதிர்மின்வாயைவிட ஏறத்தாழ பத்து வோல்ட் தாழ்ந்திருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே, ஒலித்துடிப்பை மட்டும் விட்டு நேர்மின்சாரத்தைத் தடுத்து நிற்பது ஒரு சிறு மின்தேக்கி. பழைய நாளில் அது மெழுகிட்ட காகிதத்தால் ஆனது. சென்னையின் கடற்காற்று ஈரம் அதனுள் இறங்கினால் மின் கசியும். பத்து மைக்ரோ ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் இலட்சத்தில் ஒரு பங்கு, 470 கிலோ ஓம் தடையின் வழியே கசிந்தாலே வலைக்கம்பி 4.7 வோல்ட் மேலேறிவிடும். வால்வு தன் அளவுக்கு மீறி மின்னை விழுங்கும். அதன் தகடு செந்நிறமாகப் பழுக்கும். இறுதியில் வெளியீட்டு மின்மாற்றி கருகும். ஒரு சில ரூபாய்ப் பொருளின் கசிவால், இனி எளிதில் கிடைக்காத பொருள் அழியும். இம்மின்தேக்கி ஒலித்துக்கொண்டிருந்தாலும் மாற்றத்தான் வேண்டும்.

மாறாக, மைக்கா மின்தேக்கிகள் பெரும்பாலும் அரை நூற்றாண்டு கடந்தும் மாறாமல் நிற்கும். மின்மாற்றி நலமாயின் அதை அணுகவே கூடாது. கரி மின்தடைகளின் மதிப்பு காலப்போக்கில் ஏறும். அளந்து பார்த்து, எல்லை மீறியவற்றை மட்டும் மாற்றலாம். பழைய வால்வு பழையது என்பதாலேயே இறந்ததன்று. மாற்ற நேர்ந்தாலும் கவலையில்லை, இ.எல்.84 வால்வுகள் ரஷ்யாவிலும் ஸ்லோவாகியாவிலும் சீனாவிலும் பிற்காலத்திலும் செய்யப்பட்டு வந்துள்ளன. வெளியீட்டு மின்மாற்றிக்கோ அத்தகைய மாற்று எளிதில் இல்லை. அதன் முதற்சுருளும் துணைச்சுருளும் பல அடுக்குகளாக ஒன்றனுள் ஒன்று பின்னப்பட்டவை. மின்விசிறி மோட்டார் சுற்றுவது போல அதை ஒரே மொத்தையாகச் சுற்றிக்கொடுத்தால், ஒலி எழும்; ஆனால் தம்பூராவின் ஜீவா அதில் எழாது.

மேம்படுத்துகிறோம் என்று செய்யும் மாற்றங்கள் வேறு வகை. இச்சுற்றில் மாறுமின்னை நேர்மின்னாக்க ஒரு வால்வு உண்டு. அது மெல்லச் சூடேறி மெல்ல மின்னழுத்தத்தைத் தரும். அதை நீக்கி இரண்டு சிலிக்கான் டயோடுகளை இடுவது எளிது, மலிவு. ஆனால் டயோடு, மற்ற வால்வுகள் சூடேறும் முன்பே முழு மின்னழுத்தத்தையும், முன்னைவிடக் கூடுதலாகவே, கொட்டிவிடும். பழைய மின்தேக்கிகள் அந்த அதிர்ச்சியை நாள்தோறும் தாங்க வேண்டும். வெளிப்பார்வைக்குத் தீங்கற்ற இந்த மாற்றத்துக்குப் பதிப்புலகில் பெயர் இடைச்செருகல்.

உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை வெளியிட்டபோது 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. சிதைந்த பாடல்களும் பல. பாட்டு எழுதும் ஆற்றல் அவருக்கு இல்லாமலில்லை. ஆயினும் அந்த எண்களை வெற்றிடமாகவே விட்டார். சிதைந்த இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டினார். தமக்குச் சுவடி தந்தோரையும் முகவுரைகளில் குறித்துவைத்தார். இதையே செப்பனிடுவோனுக்கும் விதியாகக் கொள்ளலாம். இறந்ததை மாற்றுக, பேசுவதை விட்டுவிடுக, செய்ததை எழுதிவைக்க.

மூன்றாவது விதியே மிகுதியும் மறக்கப்படுகிறது. பழைய மின்தேக்கியின் உறையைக் குடைந்து, புதியதை உள்ளே வைத்து மூடி, பார்வைக்குப் பழையதாகவே காட்டும் பழக்கம் இன்று பரவியுள்ளது. கருவியின் தோற்றத்தைக் காக்கும் வகையில் அது நல்ல வேலையே. ஆனால் எந்நாளில் எது உள்ளே வைக்கப்பட்டது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அடித்தகட்டின் உட்புறம் ஒட்டாவிட்டால், அது செப்பனிடல் அன்று, ஏமாற்று. அடுத்துத் திறப்பவர் அதைப் பழையது என்றே நம்பித் தவறான முடிவுக்கு வருவார். குறிப்பு எழுதினால் அதே வேலை நேர்மையான பதிப்பாகும்.

ஆசு

இரண்டு உலோகங்களை ஒட்டவைக்க இடையே உருக்கி ஊற்றும் பொருளுக்குப் பற்றாசு என்பது பழந்தமிழ்ப் பெயர். ஆசு என்றாலும் அதுவே. நேரிசை வெண்பாவில் முதற்குறட்பாவும் தனிச்சொல்லும் ஓசையால் பொருந்தாவிடின், இடையே ஓரசையோ ஈரசையோ கூட்டி இணைப்பர். அவ்வகை வெண்பாவை ஆசிடை நேரிசை வெண்பா என்பர். பொற்கொல்லரின் பற்றாசைப் போல இணைப்பதால் அதற்கு அப்பெயர் வந்தது என்பது யாப்பிலக்கண உரைகள் தரும் விளக்கம். கவிஞர்களுக்கு இது பழகிய செய்தி.

பெருக்கியில் பற்றாசு வெள்ளீயம் 60 பங்கும் காரீயம் 40 பங்கும் கலந்தது. ஏறத்தாழ 190 செல்சியஸ் அளவில் முழுதும் உருகும். அதைப் பற்றவைக்கும் கலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: சூடேற்ற வேண்டியது ஈயத்தையன்று, இணையவேண்டிய இரு கம்பிகளை. கம்பி சூடேறினால் ஈயம் தானே உருகி இரண்டையும் தழுவும். ஈயத்தை மட்டும் உருக்கிச் சொட்டினால் அது கம்பியின் மேல் பந்துபோல் அமரும். உள்ளே பிடிப்பு இராது. இதைத் தொழிலில் டிரை சால்டர் என்பர். கண்ணுக்கு ஒட்டியதாகத் தோன்றும், கருவி சூடேறும்போது விலகும், குளிரும்போது சேரும். கச்சேரி நடுவே ஒலி நின்று, தட்டினால் மீண்டும் வரும் பெருக்கிகளில் பெரும்பாலும் இக்குறையே. ஓசை நிரப்ப ஒட்டவைத்த அசை, அடியோடு கலக்காமல் தனித்து நிற்பதைக் கேட்டவர்கள் இந்நோயை அறிவர்.

ஆசு என்னும் சொல்லுக்குக் குற்றம் என்ற பொருளும் உண்டு. இணைப்புக்கும் குற்றத்துக்கும் ஒரே சொல். நாட்பட்ட பெருக்கியில் குறை தேடுவோர் இணைப்புகளைத்தான் முதலில் ஆராய்கின்றனர். ஒன்றையொன்று பற்றிய இடமே முதலில் விடும் இடமுமாகிறது.

உயிர் காக்கும் மாற்றம்

மூலத்தில் இல்லாததையும் சேர்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பழைய பெருக்கிகள் பலவற்றுக்கு இரண்டு கம்பி மின்வடமே இருந்தது, தரையிணைப்பு இல்லை. உட்காப்பு நைந்து, இரும்பு அடித்தகட்டில் மின்சாரம் ஏறினால் தொட்டவர் உயிர் போகும். மூன்று கம்பி வடமும் தகுந்த ஃபியூசும் சேர்ப்பது மூலத்துக்கு மாறானதே. ஆயினும் செய்தாக வேண்டும். 1950களில் மர்ரே நிறுவனத்து எஸ். ராஜம் பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்து வெளியிட்டார். ஏட்டில் இல்லாத இடைவெளி அது. ஆனால் அவ்விடைவெளியால் பாட்டில் ஒரு சொல்லும் மாறவில்லை. படிப்பவர் கூட்டமோ பெருகியது. மூன்றாவது கம்பியாலும் ஒலியில் ஒன்றும் மாறாது, கேட்பவர் உயிரோடிருப்பார்.

செப்பனிடுவோர் தம் உயிரையும் காத்தாக வேண்டும். மின்வடத்தைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகள் முந்நூறு வோல்ட்டைத் தம்முள் வைத்திருக்கும். ஒரு மின்தடையின் வழியே அதை வடித்து, அளவியால் சரிபார்த்த பின்னரே கையை உள்ளே விட வேண்டும். மின்சாரம் உள்ளபோது அளக்க நேர்ந்தால் ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொள்வது பழைய ரேடியோ மெக்கானிக்குகளின் வழக்கம். இரு கைகளும் உள்ளே இருந்தால் மின்சாரம் நெஞ்சைக் கடக்கும்.

டிரான்சிஸ்டர் காலத்துப் பெருக்கிகளில் அதிர்ச்சிக்கான இடர் குறைவு. வேறு இடர் உண்டு. வெளியீட்டு டிரான்சிஸ்டர் முறிந்தால் நேர்மின்சாரம் அப்படியே ஸ்பீக்கருக்குள் பாய்ந்து அதன் சுருளை எரிக்கும். எனவே ஸ்பீக்கரை இணைக்கும் முன் அம்முனையில் நேர்மின்னழுத்தம் சுழியை ஒட்டி இருக்கிறதா என்று அளக்க வேண்டும். ரிச்சி தெருவில் மாற்று டிரான்சிஸ்டர் வாங்குவோர் மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். 2என்3055 போன்ற புகழ்பெற்ற எண்களுக்கு உலகெங்கும் போலிகள் உண்டு; மேலே எழுதிய எண் உள்ளிருக்கும் பொருளுக்குச் சான்றாகாது. முகப்பில் புலவர் பெயர் பொறித்த போலிச் சுவடிகளைக் கண்ட தமிழுக்கு இதுவும் புதிதன்று.

ஏரியின் நினைவு

மாம்பலத்துப் பெருக்கிகளுக்குக் காலத்தைவிடக் கொடிய பகை நீர். 1920களில் ஏரி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. ஏரி மறைந்தும் லேக் வியூ சாலை என்னும் பெயர் நிற்கிறது. மழை மிகுந்த ஆண்டுகளில் ஏரி தன் பழைய இடத்தைத் தேடி வருகிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைமீறியபோது மேற்கு மாம்பலத்துத் தெருக்கள் பலவற்றில் தரைத்தள வீடுகளுக்குள் நீர் புகுந்தது. 2021 நவம்பரிலும் இப்பகுதி நீரில் நின்றது.

நீரில் மூழ்கிய கருவியை வெயிலில் ஒரு நாள் வைத்துவிட்டுச் செருகிப் பார்ப்பது பலர் செய்யும் பிழை. நீர் வற்றினாலும் சேற்றின் உப்பு எஞ்சும். உப்பு மின்னைக் கடத்தும். மின்மாற்றியின் சுருள்களுக்கிடையே உள்ள காகிதம் ஈரத்தை வாரக்கணக்கில் விடாது. தூய நீரால் சேற்றைக் கழுவி, மெல்லிய வெப்பத்தில் பல நாள் உலர்த்தி, சுருளுக்கும் இரும்புக்கும் இடையே காப்பு மீண்டதா என்று மெகர் கருவியால் அளந்த பிறகே குண்டு பல்பின் துணையோடு மின்சாரம் தரலாம். பொறுமை உள்ள இடத்தில் வெள்ளம் கொண்டதையும் ஓரளவு மீட்க முடிகிறது.

கேட்கப்பட வேண்டியவை

கருவி பேசத் தொடங்கியதும் வீட்டார் ஆவலோடு ஏற்றுவது, ஒரே படி மட்டும் உள்ள அந்தக் குடும்ப நாடாவைத்தான். அதை முதலில் ஏற்றக்கூடாது. எங்கும் கிடைக்கும் ஏதேனும் ஒரு நாடாவைச் சில நாள் ஓட்டி, கருவி நாடாவைக் கசக்காமலும் சூடேறாமலும் இயங்குகிறதா என்று உறுதி செய்த பின்னரே அரியதைத் தொட வேண்டும். தொட்ட முதல் முறையே அதைக் கணினியில் பதிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டாம் முறை அமையும் என்பது உறுதியில்லை. இங்குள்ள கவிஞர்களில் மூத்தோர் பலரின் இளமைக்குரல் இப்படி ஏதோ ஒரு நாடாவில் இருக்கக்கூடும். அச்சேறிய கவிதைக்கு நூலகம் உண்டு. படித்த குரலுக்கு அந்த நாடாவும், அதைப் பேசவைக்கும் பெருக்கியும், அப்பெருக்கியின் கசிந்த மின்தேக்கியை அடையாளம் காணத் தெரிந்த ஒரு மனிதரும் வேண்டும்.

அம்மனிதர் அருகி வருகிறார். பழுதானால் பலகையையே மாற்றும் தொழில்முறையில் பயின்றவர்களுக்கு, உறுப்பு உறுப்பாகக் குறை தேடும் பழக்கம் தேவைப்படவில்லை. தெருமுனைக் கடையில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அடித்தகட்டைத் திருப்பிப் பார்க்கும் முதியவர் தம் அறிவை எழுதிவைப்பதில்லை. எழுதச் சொல்லி எவரும் அவரைக் கேட்பதுமில்லை. ஏடு தேடி ஊர் ஊராகச் சென்றவர்களின் வழிவந்தோர், அவர் அருகே ஒரு மாலை அமர்ந்து, எந்தப் பழுதை எவ்வாறு அறிந்தார் என்று கேட்டுத் தமிழில் எழுதிவைக்கலாம். கண்டென்சர், வால்வு, டிரை சால்டர் என்று அவர் சொல்லும் சொற்களை மாற்றாமலே எழுதலாம். அவையும் ஒரு தொழிலின் வழக்குச் சொற்கள். அத்தொழிலோடு மறைய இருப்பவை.

வீட்டைக் காலி செய்யும் நாளில் பரணிலிருந்து இறங்கும் இரும்புப் பெட்டியை எடைக்குப் போடும் முன், அதன் பின்தகட்டைத் திறந்து ஒருமுறை பார்த்தால் போதும். உள்ளே யாரேனும் முன்பே பழுது பார்த்து, நாளும் மதிப்பும் குறித்து ஒரு காகிதம் ஒட்டியிருக்கக்கூடும். அக்காகிதம் இருந்தால் அது ஒரு பதிப்பு. அடுத்த பதிப்புக்கு ஆள் வேண்டும்.